தெரியாத கேள்விக்கு விடை சொல்வது



காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் கணினி ஆசிரியர்களின் கைபேசிக்கு ஒரு வகை அழைப்பு வரத் தொடங்கும். ஏதாவது ஒரு கல்லூரியோ பெரிய பள்ளியோ நடத்தும் கணினி விழா. தொழில்நுட்ப விநாடி வினா, நிரல் எழுதும் போட்டி, சுவரொட்டி வடிவமைப்பு, இன்னும் ஏழெட்டு. அடியில் 'தலைமையாசிரியர் கையொப்பமும் பள்ளி முத்திரையும் கட்டாயம். மதிய உணவு உண்டு' என்று ஒரு வரி. சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களில் ஒன்று அப்படி ஓர் அழைப்பைப் பற்றியது. எழுதியவர் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் வாசகி. ஊரும் பேரும் வேண்டாம். அவர்கள் பள்ளியிலிருந்து பேச்சுப் போட்டிக்குப் போயிருக்கிறார்கள், கபடிக்குப் போயிருக்கிறார்கள்; கணினி விழாவுக்குப் போவது இதுதான் முதல் தடவை. "மிஸ் எங்க ரெண்டு பேர் பேரையும் கொடுத்துட்டாங்க சார். கைடு வாங்கி ஐந்நூறு கேள்வி மனப்பாடம் பண்ணிட்டோம். இன்னும் எத்தனை பண்ணணும்?" என்று கேட்டிருந்தார்.

ஐந்நூறே அதிகம் என்று பதில் போட்டேன். ஏன் அதிகம் என்பதை விளக்க அஞ்சலட்டையில் இடமில்லை. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அவருக்கும், அவரைப்போல் முதல் முறை அந்த அரங்கத்துக்குள் நுழையப்போகும் பிள்ளைகளுக்கும்.

அங்கே என்ன நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுத்துச் சுற்று. எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்க, திரையில் ஒவ்வொன்றாகக் கேள்வி வரும். இருபது இருக்கலாம், முப்பது இருக்கலாம். இரண்டு பேருக்கு ஒரு தாள். பக்கத்து அணியின் காதில் விழாமல் கிசுகிசுப்பது தனி வித்தை. வீட்டிலேயே பழகிக்கொண்டு போவது நல்லது. தாள்களைத் திருத்தி, பெரும்பாலும் ஆறு அணிகளை மேடைக்கு அழைப்பார்கள். ஆறாவது இடத்துக்கு இரண்டு அணி சமமாக நின்றால், நட்சத்திரக் குறி போட்ட கேள்விகளில் யார் அதிகம் சொன்னார்கள் என்று பார்ப்பார்கள். ஆகவே நட்சத்திரக் கேள்வியை வெற்றாக விடாதீர்கள். தவறுக்குக் கழிவு இல்லை என்று அறிவித்திருந்தால் எதையுமே வெற்றாக விடாதீர்கள்.

மேடையில் ஆட்டம் வேறு. பழைய முறைப்படி முதல் கேள்வி முதல் அணிக்கு, இரண்டாவது கேள்வி இரண்டாவது அணிக்கு. தெரியாவிட்டால் பாஸ். இதில் ஒரு கோளாறு உண்டு. உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அணி சுமாரான அணியாக இருந்துவிட்டால், அவர்கள் விடுவதெல்லாம் உங்கள் மடியில் விழும். உட்கார்ந்த இடத்துக்கே மதிப்பெண்! இதைத் தவிர்க்க நம் நாட்டு விநாடி வினாக்காரர்கள் வேறு முறையைக் கைக்கொண்டார்கள். கடைசியாகச் சரியான விடை சொன்ன அணி எதுவோ, அதற்கு அடுத்த அணியிடம்தான் அடுத்த கேள்வி தொடங்கும். சரியான விடை வரும்வரை கேள்வி மேடையைச் சுற்றும். ஆறு அணியும் கைவிட்டால் அரங்கத்துக்குப் போகும். இதன்மேல் 'பௌன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது: உங்கள் முறை வரும்வரை காத்திராமல் ஒரு சீட்டில் விடையை எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடலாம். சரியென்றால் முழு மதிப்பெண், தப்பென்றால் கழிவு. நல்ல அணிகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மற்றவர் எழுதுகிறாரே என்ற பதற்றத்தில் சீட்டை நீட்டிவிடுவார்கள்.

சரி, மனப்பாடம் ஏன் உதவாது? ஒரு கேள்வியைப் பார்ப்போம்.

1991. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுக்கூடம். அங்கே ஓர் அறையில் ஒரு பொருளைப் பார்த்தபடி ஒரு கேமராவை நிறுத்தினார்கள். படம் 128க்கு 128 புள்ளி. நிறம் கிடையாது, சாம்பல் சாயல் மட்டும். நிமிடத்துக்கு மூன்று முறைதான் படம் மாறும். கட்டடத்தில் வேறு வேறு இடங்களில் உட்கார்ந்து வேலை பார்த்த ஆய்வாளர்கள் தங்கள் கணினித் திரையின் மூலையில் அந்தப் பொருளைப் பார்த்துக்கொண்டார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. உலகத்தின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். 2001இல் கேமராவை அணைத்தார்கள். அது என்ன பொருள்?

உங்கள் கைடில் இது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இருவரும் பேச வேண்டும். கட்டடத்தில் அந்தப் பொருள் ஒன்றுதான் இருக்கிறது, அதனால்தான் கேமரா. அதன் நிலை மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் நேரடிப் படம். ஆனால் மெதுவாகத்தான் மாறுகிறது. நிமிடத்துக்கு மூன்று படம் போதுமாக இருந்திருக்கிறது. நிறம் தேவைப்படவில்லை, இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். பார்ப்பவர்களுக்கு ஆராய்ச்சி ஆர்வத்தைவிட, வீணாக நடக்கக் கூடாது என்ற கவலைதான் பெரிது. ராத்திரி கண்விழித்து வேலை பார்க்கும் ஆட்கள். எழுந்து போய்ப் பார்த்தால் தீர்ந்துபோயிருக்கிறது... பில்டரில் டிகாஷன் தீர்ந்த பிறகு சமையலறைக்குள் நுழைந்தவர் முகத்தை வீட்டில் பார்த்து வளர்ந்த பிள்ளை இந்நேரம் விடையைச் சொல்லியிருக்கும். ஆமாம், காபிப் பாத்திரம். உலகின் முதல் வெப் கேமரா என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு அந்தப் பாத்திரத்தை இ-பே தளத்தில் ஏலம் விட்டபோது ஜெர்மனியின் ஷ்பீகல் பத்திரிகையின் இணையப் பிரிவு 3,350 பவுண்டு கொடுத்து வாங்கியது. பத்திரிகைக்காரர்களுக்குக் காபி மேல் உள்ள பற்று எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

நல்ல கேள்வி என்றால் இதுதான். விடை தெரியாது, ஆனால் கேள்விக்குள்ளேயே போகும் வழி இருக்கிறது. எச்.டி.டி.பி.யை விரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது? தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நிறுவனச் சின்னத்தைக் காட்டிப் பெயர் கேட்பது, தலைமை அதிகாரியின் படத்தைக் காட்டி ஆள் யார் என்பது எல்லாம் இந்த ரகம். அந்த அதிகாரி பதவி விலகிய மறுநாள் உங்கள் கைடில் ஒரு பக்கம் பழசாகிவிடும். இப்படிப்பட்ட கேள்விகள் பள்ளி மேடைகளில் இன்னும் வரத்தான் செய்கின்றன, எனக்கு அவற்றில் துளியும் மரியாதை இல்லை. கைபேசியில் நொடியில் தேடி எடுக்கிற காலம் வந்த பிறகு, கேள்வி தயாரிப்பவர்களே அதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு செய்தியில் 160 எழுத்து போகும். அதையே தமிழில் அடித்தால் 70 தான். ஏன்? இதற்குக் கணக்கு தெரிந்தால் போதும். ஒரு குறுஞ்செய்திக்கு ஒதுக்கிய இடம் 140 பைட். பைட்டுக்கு எட்டு பிட், ஆக 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்று வடிவமைத்தார்கள். 1,120ஐ ஏழால் வகுங்கள். தமிழ் எழுத்து அந்தப் பட்டியலில் இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் பதினாறு பிட் தேவை, பதினாறால் வகுங்கள். வேடிக்கை என்னவென்றால் 70 என்பதும் நம் கணக்கில் 70 எழுத்து ஆகாது. 'கி' என்று அடித்தால் ககரம் ஓரிடம், இகரக் குறி ஓரிடம். புள்ளிக்கும் தனி இடம். மேடையில் இதைக் கேட்டு, 140 பைட் என்ற துப்பை மட்டும் கொடுத்தால், கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒரு நிமிடத்தில் பிடித்துவிடும். அந்தப் பிள்ளை கைடைத் திறந்தே பார்த்திருக்க வேண்டியதில்லை.

இந்த ஆட்டம் நம் நாட்டுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்கத்தாவில் 1967இல் கிறைஸ்ட் தி கிங் தேவாலயக் கூடத்தில் நீல் ஓ'பிரையன் நடத்தியதை நாட்டின் முதல் பொது விநாடி வினா என்பார்கள். 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் 'குவிஸ் டைம்' வந்தபோது கல்லூரி மாணவர்கள் வீட்டுக்கு வீடு தெரிந்த முகங்கள் ஆனார்கள். தொழில்நுட்பத்துக்கென்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி மேடை போட்டதில் டி.சி.எஸ். நிறுவனம் 1999இல் தொடங்கிய ஐ.டி. விஸ் முக்கியமானது; எட்டு முதல் பிளஸ் டூ வரையான பிள்ளைகளுக்கு, நகரம் நகரமாக நடந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த ஆண்டு கர்நாடக அரசோடு சேர்ந்து அவர்கள் தொடங்கிய கிராமப்புற ஐ.டி. விநாடி வினா. பெருநகரப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. சிற்றூர், கிராமப் பிள்ளைகள் மட்டும். கேட்டால் எளிய ஏற்பாடுதான், ஆனால் அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும் அல்லவா?

இங்கேதான் நம் வாசகியின் கடிதத்தில் இருந்த இன்னொரு வரிக்கு வருகிறேன். "கேள்வி எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குமாம். அதுதான் பயமா இருக்கு." இந்தப் பயத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் நடக்கும் விழாக்களிலேயே, வந்திருப்பவர்களில் பாதிப் பேர் தமிழ்வழிப் பிள்ளைகள் என்று தெரிந்திருந்தும், திரையில் ஒரு சொல் தமிழில் இருக்காது. நடத்துபவர் மூச்சு விடாமல் நாற்பது சொல் ஆங்கிலத்தில் வாசிப்பார். கேள்வி புரிவதற்குள் நேரம் முடிந்த மணி அடிக்கும். அந்தப் பிள்ளைக்கு விடை தெரியாமல் இல்லை. கேள்வி போய்ச் சேரவில்லை. விழா நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் பெரிய செலவு வைக்காது. திரையில் மேலே ஆங்கிலம், கீழே தமிழ். விடையைத் தமிழில் சொன்னாலும் ஏற்றுக்கொள்வோம் என்று முதலிலேயே ஓர் அறிவிப்பு. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியர் முதல் நாள் சாயங்காலம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

மொழிபெயர்ப்பு மட்டுமல்ல, தமிழுக்குள்ளிருந்தே கேட்கலாம். தமிழ் 99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழக அரசு தர நிலையாக ஏற்றது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, மொத்தம் 31 விசையில் மொழி முழுவதும் அடங்கிவிடும். உயிர்கள் இடக்கைப் பக்கம். மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். விரல்கள் இயல்பாகப் படியும் நடு வரிசையில் அ, இ, உ; அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ. குறிலுக்கு மேல் நெடில். வலப்பக்கம் நடு வரிசையில் க, ப, ம, த, ந. எந்த எழுத்து நம் மொழியில் அடிக்கடி வருகிறதோ அதற்கு வசதியான இருக்கை.

அழகு அதற்குப் பிறகுதான். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் போதும். புள்ளி வைக்க வேண்டாம், தானே வைத்துக்கொள்ளும். 'பக்கம்' என்பதில் இரண்டு க. முதல் க தானாக க் ஆகும். 'தங்கம்' என்பதில் ங, க, தானாக ங்க. 'பந்து' என்பதில் ந, த, தானாக ந்த. எந்த ஜோடிக்குப் புள்ளி தானாக வரும், எந்த ஜோடிக்கு வராது? இதைக் கணினி அறிவியல் கேள்வியாக மேடையில் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலவழிப் பிள்ளைகள் விழிப்பார்கள். தமிழ் ஐயா வகுப்பில் மெய்ம்மயக்கமும் இன எழுத்தும் படித்த பிள்ளை கையைத் தூக்கும்: ஒரே மெய் இரட்டித்தால், அல்லது மெல்லினத்துக்குப் பின் அதன் இனமான வல்லினம் வந்தால்! இலக்கண விதியை அப்படியே நிரலாக்கி விசைப்பலகைக்குள் வைத்திருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுப் பழைய இலக்கணம் கைபேசித் திரைக்குள் வேலை பார்க்கிறது என்பதைத் தமிழ்ப் பாடநூலும் சொல்வதில்லை, கணினிப் பாடநூலும் சொல்வதில்லை. விநாடி வினா சொல்லட்டுமே.

விநாடி வினாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். விழாவில் மற்றவையும் உண்டு. சுவரொட்டி, இணையப் பக்க வடிவமைப்பு, கடைசி நிமிடம் வரை என்ன என்று சொல்லாத 'சர்ப்ரைஸ்' போட்டி. இவற்றைப் போய்ப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சில இடங்களில் கணினி விளையாட்டுப் போட்டியும் வைக்கிறார்கள். கூட்டம் அங்கேதான் மொய்க்கும். எனக்கு அதில் அக்கறை இல்லை, வயசாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிழை கண்டுபிடிக்கும் போட்டியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் அச்சிட்ட தாளில் இருபது வரி நிரல் கொடுப்பார்கள். எங்கே தப்பு என்று காட்ட வேண்டும். பிளஸ் டூ பாடத்தில் 2019இலிருந்து பைத்தான் இருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு ஒன்று. ஒன்று முதல் பத்து வரை கூட்டச் சொல்லி எழுதிய நிரல். விடை 55 வர வேண்டும், 45 வருகிறது. எங்கே கோளாறு? எண்களைத் தரும் வரியில் ரேஞ்ச்(1, 10) என்று இருக்கும். பைத்தானில் கடைசி எண் சேராது, ஒன்பதோடு நின்றுவிடும். 55க்கும் 45க்கும் வித்தியாசம் பத்து என்று கண்ணில் பட்டவுடனேயே, விடுபட்டுப்போன எண் எது என்று கை தானாக அந்த வரிக்குப் போக வேண்டும். கணினி முன்னால் உட்கார்ந்திருந்தால் 10ஐ 11 என்று மாற்றி ஓடவிட்டுப் பார்க்கலாம். தாளில் அது நடக்காது. நிரலைத் தலைக்குள்ளேயே ஓட்ட வேண்டும். அதனால்தான் ஆய்வகம் இல்லாத பள்ளிப் பிள்ளைக்கும் இந்தப் போட்டியில் ஒரு சம இடம் இருக்கிறது என்கிறேன்.

ஆய்வகம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று வாட்ஸப்பில் காலை வணக்கம் சொல்லி வருகிற ஒரு ரோஜாப்பூப் படத்துக்கு அதைவிட அதிக இடம் வேண்டும். கணினி அறை என்றால் அப்போது ஏறக்குறைய கருவறைதான். செருப்பை வெளியே விட வேண்டும், திரைச்சீலை போட்டிருக்கும், சாவி தலைமையாசிரியரிடம். பிள்ளைகளைவிடத் தூசிக்குப் பயந்த காலம். இன்றும் சில பள்ளிகளில் வாசலில் செருப்பு வரிசையைப் பார்க்கலாம்! 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் பல குடும்பங்களில் முதல் கணினி வீட்டுக்குள் வந்தது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ வந்த அந்தப் பழைய மடிக்கணினி உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஓடாவிட்டால் இன்னும் நல்லது, பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு திருகாணிகளைக் கழற்றலாம். நினைவகம் எது, வட்டு எது, விசிறி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்த பிள்ளைக்கு வன்பொருள் சுற்றில் படம் தேவைப்படாது.

கணினி இல்லாமலே கணினிப் போட்டியா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. பள்ளி மாணவர்களுக்கான உலகக் கணினி ஒலிம்பியாட் 1989இல் பல்கேரியாவின் பிராவெட்ஸ் என்ற சிற்றூரில் தொடங்கியது. அந்த ஊரின் பெயரிலேயே பல்கேரியா கணினிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தது, அதனால் அங்கே. பதின்மூன்று நாடுகள் வந்தன. இந்தியா 2002 முதல் கலந்துகொள்கிறது. நம் அணியைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்துப் பேராசிரியர்களின் உழைப்பு பெரிது. அந்தத் தேர்வின் முதல் படிகளில் ஒன்றான மண்டலத் தேர்வில் கணினியே கிடையாது. பேனாவும் தாளும்தான். ஒரு புதிரைக் கொடுத்து, குறைந்த செலவில் எல்லா ஊரையும் சுற்றி வர வழி என்ன என்கிற மாதிரி, விடையை எண்ணாக எழுதச் சொல்வார்கள். 2004இல் லிதுவேனியாவில் பிறந்து இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கும் பெப்ராஸ் போட்டியும் இந்த வழியில் வந்ததுதான். நிரல் ஒரு வரிகூட எழுதத் தெரியாத பிள்ளையும் அதில் விடை சொல்லலாம். இந்தியாவிலும் நடக்கிறது. உங்கள் கணினி ஆசிரியரிடம் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லி வையுங்கள்.

எப்படித் தயாராவது? கைடை மூடி வையுங்கள். இருவரும் ஆளுக்கொரு நோட்டு போடுங்கள். அதில் விடைகளை எழுத வேண்டாம், கேள்விகளை எழுதுங்கள். நாளிதழில் ஒரு செய்தி படித்தால், அதை எப்படிக் கேட்டால் மற்றவர் யோசித்துக் கண்டுபிடிக்க முடியும் என்று பாருங்கள். பெயரைச் சொல்லாமல், ஆனால் பெயருக்குப் போகும் பாதையை மறைக்காமல் எழுத வேண்டும். கேள்வி தயாரிக்கத் தொடங்கிய பிறகு, மேடையில் இருப்பவர் எங்கே துப்பு வைத்திருக்கிறார் என்பது காதில் தனியாக விழும். "ஆய்வாளர்கள்", "ஒரே ஒரு", "தீர்ந்துவிட்டதா" போன்ற சொற்களை அவர் சும்மா போடுவதில்லை. வாரத்தில் ஒருநாள் மதிய இடைவேளையில் வகுப்பில் நீங்களே ஒரு விநாடி வினா நடத்துங்கள். புதுடில்லி ஆர்.கே. புரம் டெல்லி பப்ளிக் பள்ளியில் 1993 முதல் எக்ஸன் என்ற கணினி மன்றத்தைப் பிள்ளைகளே நடத்தி, வெளிப்பள்ளிகளை அழைத்துப் போட்டியும் வைக்கிறார்கள். அதற்குப் பெரிய பள்ளி வேண்டும் என்பதில்லை. ஒரு கரும்பலகை, சாக்லேட் வாங்கக் கொஞ்சம் காசு.

ஜோடியைப் பற்றி ஒரு வார்த்தை. இருவருக்கும் ஒரே விஷயம் தெரிந்தால் ஒருவர் வீண். ஒருவர் கணக்கிலும் நிரலிலும் தேறினவராக இருக்கட்டும், மற்றவர் கதை, வரலாறு, சினிமா தெரிந்தவராக இருக்கட்டும். மேடையில் யார் விடை சொல்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோழி சொன்னது சரியாக இருந்து, நீங்கள் அதை அமுக்கிவிட்டு வேறொன்றைச் சொன்னால், பஸ்ஸில் திரும்பும் தூரம் ரொம்ப நீளமாக இருக்கும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட விழாக்கள் மாலை ஐந்துக்கு முடியும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தாலும் பரிசளிப்பு ஆறரைக்குத்தான் நடக்கும். மகனை அனுப்பத் தயங்காத வீடு, மகள் என்றால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக "வேண்டாம்மா" என்று சொல்லிவிடுகிறது. கூடப் போகும் ஆசிரியையின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பேருந்து நிலையத்தில் போய் நில்லுங்கள், ஆனால் அனுப்புங்கள். நடத்துபவர்களே, வெளியூர்ப் பள்ளிகளின் பரிசளிப்பை முதலில் முடித்து அனுப்பிவிட்டால் என்ன குறைந்துவிடும்? அந்த ஆசிரியைகளைப் பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. தலைமையாசிரியரிடம் அனுமதி, வீட்டுக்கு வீடு போன், பஸ் கட்டணத்தில் பாதி தன் கைக்காசு, போட்டி முடியும்வரை அரங்கத்தின் பின்வரிசையில் பிள்ளைகளின் பைகளுக்குக் காவல். பல ஊர்களில் ஒரு பிள்ளை முதல் முறையாக ஒரு பொறியியல் கல்லூரிக்குள் காலெடுத்து வைப்பது இப்படி ஓர் ஆசிரியையின் பின்னால்தான்.

மேடை ஏறும் ஆறு அணியில் உங்கள் பெயர் இல்லாமல் போகலாம். முதல் முறை போகும் அணிக்குப் பெரும்பாலும் அதுதான் நடக்கும். அப்போது கிளம்பிவிடாதீர்கள், சாம்பார் சாதப் பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு அரங்கத்தில் முன்வரிசையாகப் பார்த்து உட்காருங்கள். ஆறு அணியும் விட்ட கேள்வி அங்கேதான் வரும். மேடையில் இருப்பவர்களுக்கு மதிப்பெண் கவலை, உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. அவர்களோடு சேர்ந்து ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் எழுதிப் போட்டு, எத்தனை வருகிறது என்று பாருங்கள். கேள்விகளைக் குறித்துக்கொண்டு வந்து உங்கள் வகுப்பில் கேட்டால் அடுத்த வருடம் நான்கு பேர் பெயர் கொடுப்பார்கள்.

அடுத்த இதழிலிருந்து நம் பத்திரிகையில் அரைப் பக்கம் இதற்கென ஒதுக்குகிறோம். கேள்விகள் உங்களுடையவை. விரிவாக்கம் கேட்காதீர்கள், சின்னம் கேட்காதீர்கள், தலைமை அதிகாரிகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடுங்கள். யோசித்தால் வரும் விடையாக இருக்க வேண்டும், ஐந்து வரிக்கு மிகக் கூடாது, விடையைத் தனித்தாளில் எழுதி, அதை எங்கே படித்தீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். வெளியாகும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புத்தகம் பரிசு.

தொடங்கிவைக்க என் பங்குக்கு இரண்டு. ஒன்று: கடையில் பணம் செலுத்த ஸ்கேன் செய்கிற கட்டத்தில் மூன்று மூலைகளில் மட்டும் பெரிய சதுரம் இருக்கிறது, நான்காவது மூலையில் இல்லை. இடம் போதாமல் விட்டதா, வேண்டுமென்றே விட்டதா? வேண்டுமென்றே என்றால் எதற்காக? இரண்டு: தமிழ் 99இல் ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி வந்துவிடும் என்று பார்த்தோம். அப்படியானால் 'பாடட்டும்' என்ற சொல்லை எப்படி அடிப்பீர்கள்? மூன்று டகரம் வரிசையாக நிற்கிறது, நமக்குப் புள்ளி நடுவில் உள்ளதற்கு மட்டும் வேண்டும். விசைப்பலகை கையில் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். விடைகள் இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் வந்து சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்